ஹார்ன் இருந்த குழி

முப்பத்தாறு பாகை என்றது டாஷ்போர்ட்.
காற்று வந்தது. குளிர் வரவில்லை.
திருகியை நீலத்தின் கடைசிப் புள்ளிவரை திருகி
துவாரத்தில் கையை வைத்தேன்:
காய்ச்சல்காரப் பிள்ளையின் மூச்சு.

பின்சீற்றை மடித்து, வழுக்காத பாய் விரித்து,
அதன்மேல் மூன்று தட்டுக் கேக்.
நான்கு கிலோ வெண்ணெய், எழுபத்திரண்டு ரோஜா.
உச்சியில் ஆரணி – எம்ரே.
விடிய மூன்று மணிக்கு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு
மறு கையால் எழுதியது.
ஹைல்புரோன் மண்டபத்தில் நாலரைக்கு இருக்கவேணும்.

லுட்விக்ஸ்பூர்க் தாண்டியதும்
முதல் ரோஜா புறப்பட்டது.
பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன்,
அவசரமேயில்லை அதற்கு,
படியிறங்கும் மணப்பெண் மாதிரி.
அடுத்தது ‘ஆ’வின் சுழி.

தரிப்பிடத்துக்குள் வெட்டி, ஒரு லொறியின் நிழலில் நிறுத்தி
எஞ்சின் ஓட ஓட பொனற்றைத் தூக்கினேன்.
ஏசியை அமத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கவேணும்,
கம்ப்ரெசரின் முகத்தட்டு சில்லோடு சேர்ந்து சுழலவேணும்.
சில்லு சுழன்றது.
தட்டு சும்மா நின்றது,
சம்பந்தி வீட்டில் சாப்பிடக் கூப்பிடாத ஆள்போல.

வாயு ஒழுகியிருந்தால் கதை முடிந்தது.
வால்வின் மூடியைக் கழற்றி ஊசியை நுனியால் தொட்டேன்,
‘ஸ்ஸ்’ என்று சீறியது, உடனே விட்டேன்.
இருக்கிறது. எவ்வளவென்று தெரியாது, இருக்கிறது.

எஞ்சினை நிறுத்தினேன். பியூஸ் பெட்டி.
சீனி முத்துகளை ஒவ்வொன்றாய் நடுகிற சாமணத்தால்
பத்து அம்பியர் சிவப்பைப் பிடுங்கி
வானத்துக்கு எதிரே பிடித்தேன்.
உள்ளே கம்பி முழுசாய் வளைந்திருந்தது.
அதுவும் நல்லது என்றால்
மிச்சம் ரிலே.

கோர்ன்வெஸ்ட்ஹைமில் உதிரிப்பாகக் களஞ்சியம்,
இரண்டு வருசம் இரவு வேலை.
பெட்டியில் இலக்கம், தட்டில் இலக்கம், கனவில் இலக்கம்.
எதற்கென்று ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.
இன்றைக்கு அந்தக் கறுப்புக் கட்டையின் தலையில்
அதே இலக்கம் எழுதியிருந்தது.
மூடியில் இருந்த படத்தை விரலால் தொட்டுத் தேடினேன்:
இரண்டு குழி தள்ளி, அதே இலக்கம், அதே நாலு கால்.
ஹார்ன்.

இந்த நாட்டில் ஹார்ன் எதற்கு?
பதினாலு வருசத்தில் மூன்றே தரம் அடித்திருப்பேன்,
அதில் ஒன்று முழங்கை பட்டது.
ஐசிங் கத்தியால் நெம்பி
அதைக் குளிருக்கு மாற்றினேன்,
செத்ததை ஹார்னின் குழியில் வைத்தேன்.

எஞ்சின். பொத்தான்.
டக்.

விசிறி சுழன்றது.
அலுமினியக் குழாய் மெல்ல வியர்த்தது,
தொட்டால் விரல் சிலிர்த்தது.
லொறிக்காரர் யன்னலால் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.
நான் கத்தியைக் காட்டினேன்,
அதில் இன்னும் கொஞ்சம் வெள்ளைக் கிரீம் இருந்தது.

சரிந்த ரோஜாவைக் காற்றுக்கு முன்னால்
ஐந்து நிமிடம் பிடித்திருந்து மறுபடி நட்டேன்.
‘ஆ’வுக்குச் சுழி போட்டேன்.
முந்தியதைவிட வடிவு என்று சொல்லமாட்டேன்.

நெக்கார் பாலத்தடியில் மாட்டிக்கொண்டேன்.
எம்ரேயின் ஆட்களும் ஆரணியின் ஆட்களும்,
முப்பது கார், கண்ணாடிகளில் ரிப்பன்,
முப்பதும் ஒரேயடியாய் ஹார்ன் அடித்து
ஹைல்புரோனைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.
கேக்கைக் கண்டதும் இன்னும் கூடியது.
நீலப் பட்டுச்சேலை கட்டிய ஒருத்தி
என் கண்ணாடியில் தட்டினாள்:
“நீங்களும் அடியுங்கோ அக்கா!”

அமத்தினேன். ஒன்றுமில்லை.
இரண்டாம் தரம், இரண்டு கையாலும்.
அவள் முகம் சுருங்கத் தொடங்கியது.

கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி
வாயால் அடித்தேன்:
“பாம்! பா-பாம்!”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க,
குளிர் போய்விடுமே என்று
உடனே ஏற்றினேன்.