மாலை அளவு

ஆகஸ்ட் கடைசி. பனேவெஷிஸ் நகரம்.
அரங்கின் கீழ்த்தளத்தில்
ஔத்ரோனே சுவரோடு மரச்சட்டத்தை நிறுத்தி
காலணியைக் கழற்றச் சொல்கிறாள்.
அணியின் செவிலி. அவளுடைய உயரம் நூற்று அறுபத்தொன்று.
அளப்பதற்கு அவளுக்கு ஒரு முக்காலி வேண்டும்.

குட்டைகள் முதலில்.
குட்டை என்பது இங்கே
நம் ஊர் வாசற்படிகளில் நெற்றி இடிக்கிற உயரம்.
ஸ்கிர்மாந்தஸ் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறான்,
தலைமுடியை வேண்டுமென்றே சீவவில்லை.
சட்டத்தை அழுத்தி முடியைப் படுக்க வைக்கிறாள்.
"நூற்று எண்பத்திரண்டரை."
"மூன்று இல்லையா?"
"அரை."
பதிவேட்டில் அரைக்குப் பத்தி கிடையாது.
அவள் என்ன எழுதினாள் என்று
அவன் எட்டிப் பார்ப்பதற்குள் பக்கம் புரண்டுவிட்டது.

அளவுக்குப் பக்கத்தில் சிறு கட்டம் ஒன்று.
ஒன்று என்றால் பந்து உன் கையில்,
ஐந்து என்றால் வளையம் உன் தலைமேல்,
இரண்டும் மூன்றும் நான்கும்
இடையிலே எங்கேயோ.
பயிற்சியாளர் அதை நிரப்பும்போது
பெயர்ப் பத்தியை ஒருநாளும் பார்ப்பதில்லை.

என் மொழியில் வேறொரு கணக்கு உண்டு:
அவரவர் கையால் எண்சாண் உடம்பு.
அந்தக் கணக்கில் இந்த வரிசையில் நிற்பவர்கள்
எல்லோரும் ஒரே உயரம், முக்காலிமேல் நிற்பவள் உட்பட.
ஆனால் வளையத்தை
யாரும் தன் சாணால் மாட்டவில்லையே.
மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர்,
எவன் வந்தாலும்.

கடைசியாக வைதோதஸ்.
பதினாறு வயதுவரை அவன் ஒன்று.
பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டி
நால்வருக்கும் பசி பார்த்துப் பரிமாறியவன்.
அப்புறம் ஒரு குளிர்காலம்.
பதினெட்டு சென்டிமீட்டர்.
முழங்கால் குடைச்சலில் இரவெல்லாம் விழித்துக் கிடந்தான்.
பனி உருகியபோது அவன் ஐந்து.
வளையத்தடிக்குப் போ, முதுகால் மோது,
கையைத் தூக்கு, பந்து கிடைத்தால்
உடனே குட்டையிடம் கொடு என்றார்கள்.
கொடுத்தான்.
நான்கு வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

இன்று தொளதொளப்பான கால்சட்டையில் வந்திருக்கிறான்.
துணியில் ஒரு மடிப்பு அதிகம்.

"நேராக நில்."
"நேராகத்தான் நிற்கிறேன்."
"வாய் சொல்கிறது. முழங்கால் சொல்லவில்லை."

அவன் நிமிர்ந்தான். மேலே குழாய்விளக்கு இடித்தது.
இருநூற்று எட்டு.
"ஆறு என்று எழுதுங்களேன்.
ஆறு என்றால் நான்கிலாவது போடுவார்கள்.
நான்கு கொஞ்சம் வெளியே வரலாம்,
எப்போதாவது பந்தைத் தட்டலாம்."

பொய் எழுத மாட்டேன் என்றாள்.
பேனாவை மூடினாள். பிறகு மெதுவாக:
"உடம்பு காலையில் நீளம்.
ஓடி ஓடி முதுகெலும்பு அமுங்கும், மாலையில் குறையும்.
ஆறு மணிக்கு வா. லிஃப்டில் வராதே."

வந்தான், வியர்வை சொட்ட,
ஐந்து மாடிப் படிக்கட்டில் எத்தனை முறை ஏறியிறங்கினானோ.
இருநூற்று ஆறரை.
பதிவேட்டில் அரைக்குப் பத்தி கிடையாது.
காலையில் ஓர் அரையை மேலே தள்ளியவள்
இந்த அரையைக் கீழே தள்ளினாள்.
இரண்டும் சமம் என்று
தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீண்.
வாங்கி வந்த சென்டருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது.
பயிற்சியாளர் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்து
ஐந்து என்று போட்டார்.

அக்டோபர். மூன்றாம் பகுதி. ஒன்பது புள்ளி பின்னால்.
வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தை
வைதோதஸ் பிடித்தான். கொடு, கொடு என்று
பெஞ்சே எழுந்து கத்தியது.
ஸ்கிர்மாந்தஸ் இரண்டு கையையும் ஏந்தி நின்றான்.
கொடுக்கவில்லை.

தட்டினான்.
ஒருவன் திருட வந்தான், பந்து முதுகுக்குப் பின்னால் போயிற்று.
நடுக்கோடு.
ஏந்திய கைகளோடு ஒரு கணம் திகைத்த ஸ்கிர்மாந்தஸ்
சட்டென்று திரும்பி
நெட்டைகள் விட்டுப்போன வளையத்தடிக்கு ஓடினான்,
தன் எண்பத்துமூன்றோடு.

பந்து போய்ச் சேர்ந்ததா,
உள்ளே விழுந்ததா, ஔத்ரோனே பார்க்கவில்லை.
அவள் வைதோதஸின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நன்றாக மடங்கியிருந்தன.
பந்து தரைக்குப் பக்கத்தில் துடிக்க
அவன் அத்தனை தாழ்வாக ஓடிக்கொண்டிருந்தான்.