வெளியூர்ப் பிரதி

குசினிக்கும் குளியலறைக்கும் நடுவில்
சப்பாத்து அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது
என் சேர்வர்.
இரண்டு றாத்தல் பாண் அளவு. கறுப்பு.
உள்ளே இரண்டு டிஸ்க்,
ஒன்று எழுதுவதை மற்றதும் எழுதும்.

பீல் நகரத்தில், பத்து மணிக்குப் பிறகு
தண்ணீர் திறக்கவே இரண்டு தரம் யோசிக்கிற கட்டடம் இது.
கீழ்வீட்டு ஏஷ்லிமான் அம்மா
ஒருநாள் படியேறி வந்து கேட்டா:
"இரவில் ஏதோ முனகுகிறதே, பூனை வளர்க்கிறீர்களா?"
இல்லை, என்றேன். படங்கள்.
அவவுக்கு விளங்கவில்லை.
ரப்பர் துண்டு நாலு வாங்கி
பெட்டியின் காலுக்குக் கீழே வைத்தேன்.

பிரியும்போது சுகிர்தனும் நானும்
எல்லாவற்றையும் பங்கு போட்டோம்.
கதிரை நாலில் இரண்டிரண்டு.
இடியப்ப உரல் எனக்கு, பனிச்சறுக்குச் சப்பாத்து அவனுக்கு.
வங்கிக் கடன் பாதி பாதி.
பிள்ளை, ஒன்றுவிட்டு ஒரு சனி ஞாயிறு அவனிடம்.
இந்தப் பெட்டியில் வந்துதான் நின்றோம்.
பதினொரு வருஷம், எண்பதாயிரத்துச் சொச்சம் படம்,
அறுப்பதற்கு இடமில்லை.
வழக்கறிஞரின் பட்டியலில் அதற்குக் கட்டமும் இல்லை.
படி எடுத்தோம்.
எங்களிடம் இருந்ததில் அது ஒன்றுதான்
பாதியாக்காமல் பிரிக்கக் கூடியது.

பிறகு வாசித்தேன்:
எல்லாப் பிரதியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால்
ஒரு பிரதியும் இல்லை.
நெருப்பு வரும். குழாய் வெடிக்கும். கள்ளன் வருவான்.
ஒன்று வேறு வீட்டில் இருக்கவேணும்.
வேறு வீடு என்று
இந்த நாட்டில் யாரைப் போய்க் கேட்பேன்?
சோலோதூர்ன். ரயிலில் இருபது நிமிஷம்.

கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.
"என்ரையையும் உன்ரையில் வை" என்றான்.

அப்படித்தான்
அவன் புத்தகத் தட்டில் என் பெட்டி ஒன்று,
என் மீட்டர் பலகைக்குக் கீழே அவன் பெட்டி ஒன்று.
அவனுடையதை என்னால் திறக்க ஏலாது.
என்னுடையதை அவனாலும்.
கட்டியிருந்த காலத்தில்
இவ்வளவு மரியாதை எங்களுக்குள் இருந்ததில்லை.

இரவு இரண்டு மணிக்கு
இரண்டும் கதைக்கும்.
அன்றைக்கு மாறியதை மட்டும் சொல்லும்,
பழையதைக் கிளறாது.

போன செவ்வாய் ஒரு செய்தி:
மறுமுனையிலிருந்து பதில் இல்லை. நாலு நாள்.
ரூட்டரை நிறுத்திப் போட்டேன்,
கட்டளை எழுதினேன், திருத்தி எழுதினேன்,
ஒவ்வொரு தரமும் அதே வரி.
கடைசியில் தொலைபேசியை எடுத்தேன்.

போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்:
"பிளக் கழன்றிருக்கு.
வக்யூம் கிளீனர் போட எடுத்திருக்கவேணும்."

வக்யூம் கிளீனர்.
பதினொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம்.
அது எந்த அலுமாரியில் நிற்கிறதென்று
அவனுக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் ஒரு கோப்பை வைக்கிற சத்தம்.
அவன் நடந்துகொண்டே கதைக்கிறவன்,
கோப்பை வைக்கிறவன் இல்லை.
ஆரபி அங்கே போய்ப் போய் வருகிறாள்,
ஒரு சொல் சொன்னதில்லை.
எட்டு வயதில் அவளுக்கும் ஒரு கடவுச்சொல்.

"அந்தப் பிளக்கில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டு," என்றேன்.
"கழற்றக் கூடாது என்று எழுது.
ஜெர்மனிலும் எழுது."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"போர்த்துக்கீசிலும் எழுதுறன்," என்றான்.

இரண்டு மணிக்கு எழும்பிப் போய்
சப்பாத்துகளுக்கு முன்னால் குந்தியிருந்தேன்.
பச்சை விளக்கு துடித்தது.
நாலு நாள் நிலுவை போகிறது:
பல் வைத்தியரின் பில்,
வரிப் படிவத்தின் மூன்றாம் பக்கம்,
ஆரபியின் நீச்சல் சான்றிதழ்,
தலைமயிர் வெட்டிய அன்று கண்ணாடியில் எடுத்து
ஒருத்தருக்கும் அனுப்பாத என் படம்.
எல்லாம் பூட்டியபடியே
அந்த வீட்டுக்குள் போகின்றன,
யாரோ தூசி தட்டி வைத்திருக்கிற
புத்தகத் தட்டுக்கு.