சரியென்று சேர்த்த சொற்கள்

திறந்த மூன்றாம் நொடியில் உறைந்துபோகிறது.
வெள்ளைத் திரை, மூடுபனி மாதிரி என்கிறாள் சுன்வோர்.
கிளாக்ஸ்விக்கில் யாரும் பனியை உவமைக்கு இழுப்பதில்லை,
ஜன்னலுக்கு வெளியே அசலே நிற்கும்போது.

மீன் ஆலை அலுவலகம். என் சட்டைக்குள்ளும் மீன் வாடை.
"ஒன்றும் போகக் கூடாது" என்றாள்.
மூன்று தரம்.

முதலில் நீட்சிகளை நிறுத்தினேன்.
தள்ளுபடி தேடித் தருவது ஒன்று,
திரையை இருட்டாக்குவது ஒன்று,
எதற்கென்று அவளுக்கே தெரியாதது ஒன்று.
அவற்றில் இல்லை குற்றவாளி.
தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தேன்.
பிறகு உலாவியையே வேரோடு பிடுங்கி
புதிதாக இறக்கி, புதிதாக நிறுவித்
திறந்தேன்.

ஒன்று.
இரண்டு.
பனி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
வீட்டை இடித்துக் கட்டியிருக்கிறேன்;
அதே பெட்டி படுக்கையோடு
அதே ஆள் குடிவந்திருக்கிறார்.
உலாவியை நீக்கினாலும் அவள் கோப்புறை நீங்குவதில்லை.
காக்கச் சொன்னதற்குள்தான் கோளாறு.

காலியாக ஒரு சுயவிவரம் திறந்து
பழையதிலிருந்து கையால் பொறுக்கினேன்.
புத்தகக்குறிகள்: படகு நேரம், காற்றின் வேகம்,
லிஸ்பனில் வாடகைக்கு ஓர் அறை.
அதைப் பற்றி நான் கேட்கவில்லை.
கடவுச்சொற்களுக்கு இரண்டு கோப்பு,
ஒன்றில் பூட்டு, ஒன்றில் சாவி.
ஒன்றை மறந்தால் மற்றது வெறும் இரும்பு.
குக்கிகளை விட்டுவிட்டேன். நாளைக்குத் திட்டுவாள், திட்டட்டும்.

கடைசியாக, நாலு கிலோபைட்டில் ஒரு துண்டு.
சிவப்புக் கோடு விழுந்தபோதெல்லாம்
இல்லை, இது சரிதான் என்று
அவள் அகராதியில் சேர்த்தவை.
வரிக்கு ஒரு சொல்.
கொஸ்தினேல். மரிவிக். ட்ஸிண்ட்ரா.
கீழே மீன் வெட்டும் வரிசையில் நிற்பவர்கள்.
"சம்பளக் கடிதம் அடிக்கும்போது
ஆள் பேருக்கு அடியில் கோடு நெளிந்தால்
நன்றாகவா இருக்கும்?"
படகுப் பெயர்கள் பதினாறு.
ஒரே வசவு, இரண்டு விதமான எழுத்தில்.
அப்புறம், தோர்லெவுர்.

"இது மேலாளர்தானே?"
"ஆமாம்."
"தோர்லெய்வுர் இல்லையா? நடுவில் ஓர் எழுத்தைக் காணோம்."

எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.
ஒன்பது வருடம்.
எல்லாக் கடிதத்திலும், அவர் கையெழுத்துக்கு நேர் கீழே.
என்றோ அவசரத்தில் ஒரு தரம் அழுத்தியிருக்கிறாள்,
அதோடு உலாவி வாயை மூடிக்கொண்டது.

நீக்கட்டுமா என்றேன்.
ஆலைச் சங்கு ஊதி முடியும்வரை யோசித்தாள்.

"ஒரு கடிதத்தையாவது
படித்துவிட்டா கையெழுத்துப் போட்டிருக்கிறார் அந்த மனுஷன்?"
முகத்தில் சிரிப்பு மெல்ல ஊறியது.
"ஒன்றும் போகக் கூடாதென்று சொன்னேனே."

கோப்பை ஒட்டினேன். திறந்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கு.
நாளைய காற்று: தென்மேற்கிலிருந்து, பலமாக.