திரும்புச்சு

மிர்பாத் சுகாதார நிலையத்தில்
தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி.
ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு
காவல் அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்தேன்.

வெளியே கரீஃப்.
மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.
பிக்கப்பின் பின்தட்டில், தார்ப்பாய்க்கு அடியில் புலி.
சிறுத்தை என்று சொல்ல வேண்டும்.
பூமிராசு புலி என்றான்
அதிகாரி நிம்ர் என்றார்
நான் யாரையும் திருத்தவில்லை.
பத்து வயதுப் பையனின் எடைதான் இருக்கும்.
இந்த மலைகளில் மிச்சம் எத்தனை என்று
வனக்காவலர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்,
எண்ணி முடித்து ஒரு விரலை மடக்கினார்.

துப்பாக்கி முஸல்லமுடையது.
ஓநாய்க்கென்று பட்டியில் சாத்தி வைத்தது.
லைசென்ஸில் இருப்பது அவர் பெயர்
விசையில் இருந்தது இவன் விரல்.
முஸல்லமின் போன் காலையிலிருந்து அணைந்திருக்கிறது.

ஆளைக் காக்கச் சுட்டிருந்தால் வழி உண்டு,
ஆட்டைக் காக்கச் சுட்டிருந்தால் இல்லை,
இதை அவனுக்குச் சொல் என்றார்.
சொன்னேன்.
"ஆடு செத்தா என் சம்பளத்துல பிடிப்பாரு சிஸ்டர்.
அப்ப அது ஆடா, நானா?"
அதை நான் அரபியாக்கவில்லை.

எவ்வளவு தூரம்?
"பட்டி வாசல்லருந்து தண்ணித்தொட்டி வரைக்கும்."
மீட்டரில் சொல்லச் சொல்.
அவன் எழுந்து மருந்து அலமாரி வரை நடந்தான்,
சுவர் தடுத்தது.
"இதவிடக் கொஞ்சம் கூட.
பனியில கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

பிறகு?
"டார்ச் அடிச்சேன். நின்னுச்சு.
திரும்புச்சு. சுட்டேன்."

அதிகாரியின் பேனா காத்திருந்தது.

அக்பல என்றால் முகம் காட்டி வந்தது.
அத்பர என்றால் முதுகு காட்டிப் போனது.
ஒன்றில் வீடு, ஒன்றில் சிறை.
நம் சொல்லோ நடுவில் நிற்கிறது
எந்தப் பக்கம் என்று சொல்லாமல்.

"எந்தப் பக்கம் திரும்புச்சு, பூமிராசு?"
அவன் தன் கைகளைப் பார்த்தான்.
"திரும்புச்சு சிஸ்டர்.
முழுசாத் திரும்பினப்புறம் பாக்க எனக்கு நேரமில்ல."

தார்ப்பாய் காற்றில் விலகியபோது
கடைசி விலா எலும்பின் ஓரம்
குண்டு நுழைந்த துளையைப் பார்த்திருக்கிறேன்.
பக்கவாட்டில்.
வருகிற உடம்பிலும் அப்படி விழும்
போகிற உடம்பிலும் விழும்.
என்னை யாரும் அதைக் கேட்கவில்லை.

வேறொன்று கேட்டார்.
அவன் முழங்கையில் நான் போட்ட கட்டைக் காட்டி,
நகமா?
கேட்ட விதத்தில்
ஆம் என்ற பதிலும் கூடவே இருந்தது.
நல்ல மனிதர். அவருக்கும் மதியச் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

விடியற்காலை ஐந்தரைக்கு
போலீஸ் வருமுன்பே
என் பதிவேட்டில் என் கையால் எழுதியிருந்தேன்:
முள்கம்பி கிழித்தது, நான்கு தையல்.
மை எப்போதோ காய்ந்துவிட்டது.

கம்பி, என்றேன்.

பூமிராசுவுக்கு அந்த அரபிச் சொல் தெரியும்.
வேலி கட்டுகிறவன், தெரியாமல் இருக்குமா?
என்னை ஏறிட்டுப் பார்த்தான்,
கோபமாக இல்லை,
கணக்கில் ஒரு ஆடு குறைவதைக் கண்டவன் போல.

அதன் பிறகுதான் சொன்னேன்:
ஐயா, அந்த இன்னொரு சொல்லை என்னால் பெயர்க்க முடியாது.
எங்கள் மொழியில் அதற்கு இரண்டு பக்கம்.
அவன் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை சொல்லச் சொன்னார்.
மூன்றாம் முறை எழுதினார்.
எங்கள் ச்சு அவர் எழுத்தில் ஷு ஆனது.
வலமிருந்து இடமாக
அந்தப் படிவத்தின் ஒற்றை வரியில்
திரும்புச்சு.

சலாலாவில் நீதிபதி கேட்பார், என்றார் அதிகாரி.
யாரிடம் கேட்பார் என்று சொல்லவில்லை.

ஜீப்பில் ஏறும்போது பூமிராசு கேட்டது
வழக்கைப் பற்றி இல்லை.
"நாப்பத்தி மூணு உருப்படி, சிஸ்டர்.
சாயங்காலம் தொட்டிக்கு யாரு தண்ணி விடுவா?"

இதைப் பெயர்க்க இரண்டு சொல் தேவைப்படவில்லை.
அதிகாரி ஜன்னலைப் பார்த்தார்.
அங்கே பனிதான் இருந்தது.