வலப்பக்க இருக்கை

வாளி கவிழ்ந்தது ஒரு வளைவில்.
மூடியைச் சரியாக அழுத்தாதது யார் என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.
ராஜநண்டு ஊறிய கடல்நீர்
என் சீட்டுக்கு அடியில் போய்க்
கம்பளத்தில் குடியேறிவிட்டது.
புன்டா அரினாஸின் கூரைகளையே பெயர்க்கும் காற்று,
எங்கள் சுபாருவின் நான்கு கதவையும் திறந்துவைத்தும்
அதைக் கிளப்ப முடியவில்லை.
மருந்துக்கடைக்கு வந்தவர்கள்
என் கோட்டை முகர்ந்துவிட்டு
கேட்க வந்ததைக் கேட்காமல்
இருமல் மருந்தோடு போனார்கள்.

"சீட்டைக் கழற்றினால்தான் ஆகும்" என்றான் ராடோமிரோ.

சனிக்கிழமை. தகரக் கொட்டகை.
பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றிவிட்டுப்
பத்து நிமிடம் கைகட்டி நின்றோம்.
ஏர்பேக்கின் கோபம் வடியவேண்டுமாம்.
எங்கள் வீட்டில் வேறெந்தக் கோபத்துக்கும்
இப்படிக் கடிகாரம் பார்த்துக் காத்திருந்ததில்லை.

பின்னால் தள்ளினால் முன் போல்ட் இரண்டு.
முன்னால் தள்ளினால் பின் போல்ட் இரண்டு.
மூன்று வந்தன.
நான்காவது, உப்பில் துருவேறி,
இடத்தைக் காலி செய்ய மறுத்தது.
எண்ணெய் விட்டான். சுத்தியலால் தட்டினான்.
க்ரோவாசிய மொழியில் திட்டினான்.
அந்த மொழியில் அவன் குடும்பத்துக்கு மிஞ்சியது
ஐந்தாறு வசவுகள்தான்.
கடைசி வசவுக்கு அசைந்து கொடுத்தது.

மஞ்சள் பிளக்கை உருவி, சீட்டைச் சாய்த்துத் தூக்கினோம்.
கீழே நூறு பெசோ நாணயம்,
என் ஒற்றைக் கம்மல்,
நண்டுக்கால் நுனி ஒன்று,
ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டுத் தேடிய
பல் மருத்துவர் ரசீது.

கம்பளம் காஸ் ஹீட்டர் முன் தொங்கியது.
கொட்டகையில் எலி இருப்பதால்
சீட்டு சமையலறைக்கு வந்தது.

முதல் இரவு அதில் அமர்ந்து மாத்தே குடித்தான்.
கை தானாக பெல்ட்டைத் தேடியது,
தவறான தோளில்.
பதினெட்டு வருடத்தில் அவன் அதில் உட்கார்ந்ததே இல்லை.
எதிரே கண்ணாடி இல்லை, வைப்பர் இல்லை,
வெங்காயம் உரிக்கும் நான்.
காரில் நாங்கள் பேசியதெல்லாம் வேறு மாதிரி.
அவன் சாலையிடம் சொல்வான்,
நான் சாலையிடம் பதில் சொல்வேன்.

மூன்றாம் இரவு நெளிந்தான்.
வலப்பக்கம் சாய்ந்தான். நிமிர்ந்தான்.
மறுபடி சாய்ந்தான்.
எழுந்து துணியைத் தடவினான்.
இடது ஓரத்தில், உடைந்த ஸ்பிரிங்கின் முனை.

"இது எப்போதிலிருந்து குத்துகிறது?"
"எது?"
"எப்போதும் கதவோடு ஒட்டித்தானே உட்காருவாய்."
கத்தியை வைத்தேன்.
"என்னைவிட்டுத் தள்ளி உட்காருகிறாய் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்."

மாத்தேயை உறிஞ்சினான்.
தண்ணீர் தீர்ந்திருந்தது, சத்தம் மட்டும் வந்தது.

கம்பி குத்தியதால் நகர்ந்தேனா,
நான் நகர்ந்து நகர்ந்து கம்பி உடைந்ததா,
சத்தியமாக நினைவில்லை.
இரண்டுக்கும் பொருந்தும்படி
"ம்" என்றேன்.

கம்பியை அவன் வளைத்தான்.
கம்பளிக் காலுறை ஒன்றை உள்ளே திணித்தான்.
காயம் தைக்கும் நூலால்
நான் ஏழு தையல் போட்டேன்.

ஒன்பதாம் நாள் திருப்பி மாட்டினோம்.
"முதலில் விரலால் திருகு.
எதையும் முழுசாக இறுக்கிவிடாதே.
நான்கும் தன் துளையைக் கண்ட பிறகுதான் ஸ்பேனர்."
யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை,
ஸ்பேனர் அவன் கையில்தான் இருந்தது.
மஞ்சள் பிளக். பிறகு பேட்டரி.
ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவில்லை.
திங்களன்று யாரிடமாவது காட்டவேண்டும்.

ஜலசந்தி ஓரமாக ஓட்டிப் பார்த்தோம்.
நண்டு வாசம் கால்வாசிதான் இருந்தது.
கம்பி குத்தவில்லை.
வாளி கவிழ்ந்த வளைவு தாண்டியதும் கவனித்தேன்,
என் தோள் கதவில் சாய்ந்திருந்தது.
அவனும் பார்த்துவிட்டான்.

"காலுறை போதவில்லை போல" என்றான்
சாலையிடம்.
"போதும்" என்றேன் நானும் சாலையிடம்.
"உடம்புக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை."