அரை அங்குலம்

அறுபத்தாறாம் வருஷத்து வேலியண்ட்.
விவாகரத்துத் தாளில் வண்டி எனக்கென்று இருந்தது.
கியர்பாக்ஸைப் பற்றி யாரும் எழுதவில்லை.
அது அப்போது தயாளனின் ஷெட்டில்
சாக்குப் போர்த்திக் கிடந்தது.
ஆறு வருஷம் கிடந்தது.

சனிக்கிழமை கொண்டுவந்தான்,
இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து.
நாற்பது கிலோவை வேறெப்படித் தூக்குவது?
யாரும் உவமை தேட வேண்டாம்.

சாட்ஸ்வர்த்தில் புரட்டாசி.
தெருவில் எந்த அடுப்பிலும் கறி வாசம் இல்லை.
பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம்
படையாச்சி வீட்டில் கோவிந்தா, கோவிந்தா.
நாலு மணிக்குக் கரண்ட் போகுமென்று அட்டவணை.
நாலுக்கே போனது.
இந்த நாட்டில் சொன்ன நேரத்துக்கு
வருவதில்லை எதுவும், போவது மட்டும் போகிறது.

சங்கிலிக் கப்பிக்குக் கரண்ட் வேண்டாம்.
இடுப்பு உயரத்தில் என்ஜின் தொங்கியது,
ஆறு சிலிண்டரும் ஒரே பக்கம் சாய்ந்து,
பஸ் ஜன்னலோரம் தூங்கி விழுகிறவன் மாதிரி.
பிறவிச் சாய்வு அது, பழுதில்லை.
இசிப்பிங்கோ உடைசல் கடையில் வாங்கினேன்.
"ஓடிக்கொண்டிருந்த என்ஜின், அக்கா" என்றான்.
எதில் ஓடியது என்று கேட்கத் தோன்றவில்லை.

இறக்கு.
இன்னும்.
நில்.
உன் பக்கம் ஒரு விரல்.
இவ்வளவுதான் பேச்சு.

தண்டு கிளட்ச் தட்டுக்குள் நுழைந்தது,
பல்லோடு பல் பொருந்தி, வழுக்கி, வழுக்கி
நின்றது.
அரை அங்குலம் பாக்கி.
ஆட்டினோம். திருப்பினோம். கியரில் போட்டுத் திருப்பினோம்.
அரை அங்குலம்.

தயாளன் ஸ்பேனரை எடுத்தான்:
"நாலு போல்ட்டையும் முறுக்கு, தானாக வரும்."
அவன் எதையும் அப்படித்தான்.

ஆர்த்தோ தியேட்டரில் பத்தொன்பது வருஷமாக
கத்தியும் சுத்தியலும் எடுத்துக்கொடுக்கிறவள் நான்.
இறங்காத இடுப்பு மூட்டை
அடித்து இறக்கிய டாக்டரைப் பார்த்திருக்கிறேன்.
ஈரக் குச்சி ஒடிகிற சத்தம்.
அப்புறம் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"வை அதை" என்றேன்.
வைத்தான்.

பெட்டியை மறுபடி இழுத்து,
தட்டையும் கழற்றி,
போன் வெளிச்சத்தில் கிராங்கின் நடுத்துளைக்குள்
பென்சில் விட்டு ஆழம் பார்த்தேன்.
ஆழமே இல்லை.
ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓடிய என்ஜின்.
இங்கே எந்தத் தண்டும் வரப்போவதில்லையென்று
தொழிற்சாலையில் யாரோ
பாதித் துளையோடு நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

தண்டின் முனையை அறுக்க வேண்டும்.
கிரைண்டருக்குக் கரண்ட் ஆறரைக்கு.

இரண்டு மணி நேரம்.
அவன் டயர்மேல், நான் பெயின்ட் டின்மேல்.
ரோஷிலா கொடுத்தனுப்பிய டப்பாவில்
பூரியும் பீன்ஸ் கறியும், எனக்கும் சேர்த்து எண்ணி.
உப்பு சரியாக இருந்தது.
அதை நான் சொல்லவில்லை.

"உன் பெட்டி. அறுக்கலாமா?"
"உன் வண்டி."
"பெட்டி உன்னுடையதுதானே?"
"தாளில் எழுதவில்லையே" என்றான்,
சிரித்தானா என்று இருட்டில் தெரியவில்லை.

கரண்ட் வந்தது. தெரு முழுக்க ஒரு ஓ.
கிரைண்டர் பொறியில் அவன் புருவம் நரைத்திருப்பது தெரிந்தது.
துண்டு விழுந்து உருண்டது,
எடுத்தான், சுட்டது, போட்டான், மறுபடி எடுத்தான்.
கழுத்தில் ஒரு விரல் கிரீஸ்.
தட்டை நடுப்பார்த்து மாட்டி
பெட்டியைத் தூக்கினோம்.

சத்தமே இல்லை.
இரும்போடு இரும்பு ஒட்டி நின்றது.
போல்ட் நாலும் விரலாலேயே ஏறின.

இரண்டையும் ஒன்றாக வண்டிக்குள் இறக்கினோம்.
இடது மவுன்ட் மட்டும் துளை சேரவில்லை.
ஸ்க்ரூடிரைவரால் நெம்பி
"ம்" என்றேன், போல்ட்டைத் தள்ளினான்.
ஒன்பது மணி. டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன்.

புதன்கிழமை
துணி துவைக்கும் யந்திரத்தில் ஏதோ கடகடவென்று உருண்டது.
என் ஓவரால் பையில் அதை அவன் எப்போது போட்டான்?
அரை அங்குலம்,
சோப்பில் பளபளவென்று.