கண் ஒன்றுக்கு அறுபது காசு

முதலில் தைக்க வேண்டும்.
பிறகுதான் வெட்ட வேண்டும்.
முறை மாறினால் துணி பிரிந்து
நூலாகக் கையோடு வந்துவிடும்.

வெள்ளைத் துணி, வெள்ளை நூல்.
கேலாங் பாரு பதினோராம் மாடியில்
விளக்கை எவ்வளவு அருகில் இழுத்தாலும்
இரண்டும் வேறென்று
விரல் நுனிதான் சொல்லும்.

குத்தூசியால் இழைகளைக் கிழிக்காமல் ஒதுக்கி,
ஒதுங்கியவற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால்
ஒரு கண்.
ஓட்டை என்பார் என் வீட்டுக்காரர்.
வலைக்குக் கண் உண்டு, தேங்காய்க்கு உண்டு,
இதற்கு மட்டும் ஓட்டையா என்பேன்.
பேருந்து ஓட்டுபவர்; பதில் சொல்லாமல்
அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடுவார்.

ஜூ சியாட்டிலிருந்து மேடம் குவெக்
கெபாயாவுக்கு வாயில் கொண்டுவந்தார்.
துணிக்கும் கதவுக்கும் ஒரே சொல்,
இரண்டிலும் காற்று நுழையும்.
பூ வேண்டாம், வண்ணம் வேண்டாம்,
கண்களும் ஓரத்தில் இலை வெட்டும் போதும் என்றார்.
கணவர் போய் நாற்பது நாள்.
காகிதத்தில் அவரே புள்ளி வைத்திருந்தார்.
இருநூற்றுப் பன்னிரண்டு கண்.
இலைக்குக் காசு வாங்குவதில்லை நான்.

கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு,
கீழ்த்தளத்தில் யாருடைய இழவுக்கோ
மாஜோங் காய்கள் புரண்டுகொண்டிருக்க,
இலையை வெட்டிய கத்தரி நழுவியது.
இடது மார்புக்குக் கீழே
அரிசி அளவு.
தைக்காமல் வெட்டியது.

அது வளருமுன் சுற்றிலும் நூல் ஓட்டினேன்.
பிரிந்த இழைகளை உள்ளே மடித்தேன்.
விளிம்பை இறுக்கிக் கட்டினேன்.
இருநூற்றுப் பதின்மூன்று.
மற்றவற்றைவிட ஒரு மயிரளவு பெரியது.

மேடம் அணிந்துபார்த்தார்.
கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை,
தடவித் தடவி எண்ணினார்.
விரல் அங்கே நின்றது.

இது என் காகிதத்தில் இல்லையே, தாட்சா.
இல்லை, மேடம்.
கத்தரியா?
கத்தரிதான்.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் சுற்றியது.
சுண்டுவிரல் நுனியை அதில் வைத்து
எடுக்க மறந்ததுபோல் நின்றார்.
பிறகு பையைத் திறந்து
நூற்று இருபத்தேழு வெள்ளி எண்பது காசு
சில்லறையோடு மேசையில் வைத்தார்.

அறுபது காசு கூடுதல் என்றேன்.
எண்ணிவிட்டேன், சரிதான் என்றார்.

ஓட்டைக்குமா, அதுவும் தவறி விழுந்ததற்கா
என்று வியந்தார் என் வீட்டுக்காரர்,
விடியற்காலை வேலைக்கு நின்றபடியே
காலுறை மாட்டிக்கொண்டு.
தரையில் பெருக்காமல் கிடந்த
வெட்டுத் துணுக்குகளில் இரண்டு
அவர் குதிகாலில் ஒட்டிக்கொண்டன.
நான் சொல்லவில்லை.